680 பிகோஃபாரட்: ஒரு மலிவு கிட்டாரில் பழைய ஒலியைத் தேடிய வேலை

போன மழைக்காலத்தில் வியாசர்பாடியில் ஒருவரிடம் 5,500 ரூபாய்க்கு ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், மூன்று பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), அவற்றைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிலை சுவிட்ச், கறுப்பு உடல். தலையில் இருந்த கம்பெனிப் பெயரை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார்கள். கழுத்து முறுக்கிக்கொள்ளாமல் இருந்தது, அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் தேயவில்லை. அது போதும் என்று வாங்கிவிட்டேன்.

அதை முதலில் வாசித்துப் பார்த்தவர் என் மாமா. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் சனி, ஞாயிறுகளில் ஒரு லைட் மியூசிக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தார். ரயில்வே குடியிருப்பில் அவருக்கு ஓர் ஆங்கிலோ இந்திய நண்பர் இருந்தார். அந்த நண்பரிடம் அறுபதுகளில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று உண்டு. கச்சேரி இருந்தால் இரவல் தருவார். பிறகு அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார், கிட்டாரும் போனது. மாமாவின் காதில் அந்த ஒலி மட்டும் தங்கிவிட்டது.

தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து நாலு கார்டு (சுரக்கூட்டு) அடித்துவிட்டுச் சொன்னார்: “ஊசி மாரி குத்துதுடா. அது மணி அடிச்ச மாரி இருக்கும். ஆனா குத்தாது.”

அடுத்த இரண்டு மாதமும் இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். நல்ல பிக்கப் செட் ஒன்றை வாங்கிப் போட்டால் முடிந்தது என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த செட்டின் விலை கிட்டார் விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதைவிட, எந்த உறுப்பு என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அதிகம்.

பிக்கப்புகளையும் நாபுகளையும் தாங்கும் முன்பக்கத் தகடான பிக்கார்டைக் கழற்ற 11 திருகுகள். அவற்றில் நாலு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. காசிமேட்டிலிருந்து வரும் உப்புக் காற்றில் எங்கள் பக்கம் ஜன்னல் கொக்கியே இரண்டு வருடம் தாங்காது, கிட்டார் திருகு எம்மாத்திரம். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டுத் திருப்பினால் தலை சிதையாமல் வந்துவிடுகிறது. நாலும் அப்படித்தான் வந்தன.

உள்ளே எதிர்பார்த்தபடியே இருந்தது. வால்யூம், டோன் நாபுகளுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடைகளான சின்னப் பொட்டுகள் மூன்று, மல்டிமீட்டரில் 500 கே (கிலோ ஓம்) சுற்றி அளவு காட்டின. பிக்கப்புகளின் அடியில் கறுப்பு செராமிக் காந்தப் பட்டைகள் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தன. மேலே தெரியும் ஆறு முனைகளும் வெறும் இரும்பு. கம்பிகள் உடலில் வந்து நிற்கும் பிரிட்ஜின் கீழே, பின்பக்கம் தொங்கி, கம்பிகளின் நுனியைப் பிடித்திருக்கும் பிளாக் மெல்லிய துத்தநாகக் கலவை வார்ப்பு.

1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது இவை எல்லாமே வேறு. ஆறு முனைகளும் அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தக் கம்பிகள், அவற்றின் மேலேயே நேரடியாகச் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். பொட்டுகள் 250 கே. பிளாக் உருக்கு. சுவிட்சில் மூன்று நிலைதான், ஐந்து நிலை 1977இல்தான் வழக்கமானது. அதற்கு முன் வாசித்தவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி அந்தக் கலவை ஒலியை எடுத்தார்கள். மாமாவும் அப்படித்தான் நிறுத்துவாராம், தீக்குச்சி செருகி.

மின்சாரப் பக்கம் கை வைப்பதற்கு முன் கிட்டாரையே சரிசெய்தேன். கழுத்தும் கம்பியும் சரியில்லாமல் பிக்கப்பைக் குறை சொல்லக் கூடாது. இருந்த 9 அளவுக் கம்பிகளை எடுத்துவிட்டு, சுத்த நிக்கல் சுற்றிய 10–46 செட் போட்டேன். இன்று பரவலாகக் கிடைப்பவை உருக்கின் மேல் நிக்கல் பூசியவை. சுத்த நிக்கல் கம்பியில் பளபளப்பு கொஞ்சம் குறைவு, தடித்த மூன்று கம்பிகளில் அது உடனே தெரிகிறது. ஒலி மாற்றத்தில் மிக மலிவான வேலை இதுதான். இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தியிருந்தாலும் மாமா பாதி சமாதானம் ஆகியிருப்பார்.

கழுத்தின் வளைவை அளக்க ஃபில்லர் கேஜ் வேண்டும். தெருமுனை டூவீலர் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருப்பதை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி வந்தேன். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பார்க்க வேண்டும். 0.6 மி.மீ. இருந்தது. கழுத்துக்குள் இருக்கும் உருக்குக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ராத்திரி விட்டு, காலையில் இன்னும் கொஞ்சம் இறுக்கி 0.3க்குக் கொண்டுவந்தேன். 17ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. பழைய வடிவக் கழுத்துக்கு ஃபெண்டர் கொடுக்கும் அளவும் இதுதான். கம்பியை இதைவிடத் தாழ்த்தினால் விரலுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் ஃப்ரெட்டில் உரசி ‘ணங்’ என்ற முழு ஒலி வராது. மணி மாதிரி வேண்டுமென்றால் கம்பிக்கு ஆட இடம் தர வேண்டும்.

அடுத்து பிளாக். எனக்கு இந்த வேலையில் அதிகம் பிடித்த பகுதி இது.

உருக்கு பிளாக் தனியாக விற்கிறார்கள். ஆனால் பழைய அளவு ஸ்ட்ராட்டில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே 56 மி.மீ.க்குச் சற்று மேல். என் கிட்டாரில் அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 10.5 மி.மீ., ஆக மொத்தம் 52.5தான். உடலும் மெல்லியது, பழைய அளவில் பிளாக் போட்டால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். வாங்கிப் போட்டால் பொருந்தாது, செய்துதான் ஆக வேண்டும்.

வடசென்னையில் இருப்பவனுக்கு இது ஒரு கவலையே இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்துகளில் லேத் பட்டறைகள் உண்டு. காசிமேட்டு விசைப்படகு எஞ்சினுக்கு உதிரி பாகம் செய்து தரும் பட்டறை ஒன்றுக்குப் பழைய பிளாக்கை எடுத்துப்போனேன். அங்கிருந்த அண்ணன் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, “இது எந்த வண்டி பார்ட்டு தம்பி?” என்றார். கிட்டார் என்றதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “எம்.எஸ். போதுமா, எஸ்.எஸ். வேணுமா?” எம்.எஸ். போதும், பழையதும் சாதாரண உருக்குதான் என்றேன்.

வெர்னியரை வைத்து நானும் அவரும் அளந்து, ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் படம் வரைந்தோம். 70க்கு 36 மி.மீ., தடிமன் 12. மேலே மூன்று துளைகளில் டேப் (திருகு மரை) போட வேண்டும். கம்பிக்கு ஆறு துளைகள். கம்பியின் நுனியில் உள்ள குண்டு போய் உட்காரும் பெரிய துளையை ஆழமாக எடுத்து, குண்டு மேல் தகட்டுக்கு அருகில் நிற்கும்படி வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு துளையைப் போட்டு, என் கம்பி ஒன்றைச் செருகி இழுத்துப் பார்த்தார். “துளை ஓரம் கத்தி மாரி இருக்கு, கம்பி அறுந்துடும்” என்று சொல்லி, ஆறு துளைகளின் விளிம்பையும் தானாகவே மழுக்கினார். அது எனக்குத் தோன்றாத விஷயம். இத்தனை வேலைக்கும் 700 ரூபாய்தான் வாங்கினார்.

பழைய பிளாக் 130 கிராம், புதியது 215. துரு பிடிக்காமல் இருக்க மெஷின் ஆயில் தடவித் துடைத்து மாட்டினேன். கூடவே மூன்று ஸ்பிரிங்குகளுக்குப் பதில் ஐந்து போட்டு, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்படி இறுக்கிவிட்டேன். மாமா பிரிட்ஜின் கைப்பிடியை ஆட்டிச் சுரத்தை அசைத்து வாசிப்பவர் அல்ல. ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமலே வித்தியாசம் கேட்டது. ஆறாவது கம்பி கலங்கலாக இருந்தது, இப்போது தெளிவாக நீண்டு நின்றது. ஒன்று சொல்ல வேண்டும். பிளாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றியதால் எது எவ்வளவு கொடுத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்பது என்ற என் விதியை நானே மீறிய இடம் இது.

இனி பிக்கப். மலிவு பிக்கப்பில் ஒரு வசதி உண்டு. அதன் சுருள் பிளாஸ்டிக் பாபினில் சுற்றப்பட்டிருக்கும், ஆறு இரும்பு முனைகளும் அந்த பாபினின் துளைகளில் செருகியிருக்கும். இரும்பைத் தள்ளி வெளியே எடுத்துவிட்டு, அதே இடத்தில் அல்நிகோ 5 கம்பிகளைச் செருகலாம். பழைய பிக்கப்பிலோ, பழைய முறையில் செய்த புதிய பிக்கப்பிலோ இதைச் செய்யவே கூடாது. அவற்றில் காந்தத்தின் மேலேயே செம்புக் கம்பி சுற்றியிருப்பதால் முனையைத் தள்ளினால் சுருள் அறுந்துவிடும்.

5 மி.மீ. விட்டம், 18 மி.மீ. நீளத்தில் 18 அல்நிகோ கம்பிகள் இணையத்தில் வரவழைத்தேன். செராமிக் பட்டையைப் பெயர்த்தபின், ஹேர் டிரையரில் பாபினைச் சூடாக்கி, வைஸில் ஒரு போல்ட்டை வைத்து இரும்பு முனையை மெதுவாகத் தள்ள வேண்டும். முதல் இரண்டு பிக்கப் ஒரு மாலையில் முடிந்தன. மூன்றாவதில் கை வழுக்கி, போல்ட் சுருளின் ஓரத்தில் உரசிவிட்டது. மல்டிமீட்டர் வைத்தால் எதுவும் காட்டவில்லை. சுருளின் செம்புக் கம்பி அறுந்துவிட்டது.

இந்தக் கம்பி 42 கேஜ், 0.063 மி.மீ. தடிமன். தலைமுடி அளவுதான். அறுந்த நுனியைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஃபேன், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கே வேலை செய்பவர் ஒற்றைக் கண் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஊசியால் சுருளின் வெளிப்பக்கத்தைத் தடவித் தடவி நுனியைப் பிடித்தார். அறுந்தது வெளிச் சுற்று என்பதால் தப்பித்தோம், உள்சுற்றாக இருந்தால் முழுவதும் அவிழ்க்க வேண்டியிருக்கும். இரண்டு சுற்று அவிழ்த்து, எனாமலைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மீட்டரில் 5.8 கிலோ ஓம். ஆயிரக்கணக்கான சுற்றில் இரண்டு போனால் ஒலியில் ஒன்றும் தெரியாது. காசு வாங்க மறுத்துவிட்டார், டீ மட்டும் குடித்தோம்.

அல்நிகோ செருகும்போது துருவத்தைப் பார்க்க வேண்டும். செல்போன் திசைகாட்டியை நம்பாமல், பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் சின்ன காந்த ஊசியை வைத்துப் பார்த்தேன். முன், பின் பிக்கப்புகளில் வடதுருவம் மேலே. நடுவில் மட்டும் தென்துருவம் மேலே வைத்து, அதன் இரண்டு வயர்களையும் மாற்றிப் பற்றவைத்தேன். பழைய கிட்டாரில் இப்படி இருக்காது, மூன்றும் ஒரே மாதிரிதான். ஆனால் எங்கள் வீட்டில் டியூப்லைட் சோக்கும் ஃபேன் ரெகுலேட்டரும் கொடுக்கும் இரைச்சல் பெரிது. இப்படிச் செய்தால் இரண்டு பிக்கப் சேரும் நிலைகளில் கம்பியின் ஒலி கூடும், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மாமா தீக்குச்சி செருகி வாசித்த நிலையும் அதுதான். பழமைக்காக அந்த இரைச்சலைச் சகித்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

வயர் வேலை செய்யும்போதே ஆம்ப்ளிஃபயர் மாட்டும் பிளக் பாயின்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கிட்டாரின் கம்பிகள் எர்த்தோடு சேர்ந்திருக்கும், கை எப்போதும் அதன்மேல்தான் இருக்கும். எங்களுடையது மாதிரி பழைய வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பொட்டுகளை ரிச்சி தெருவில் வாங்கினேன். 250 கே, லாகரிதம் வகை, ‘ஏ’ என்று அச்சிட்டிருக்கும். மீட்டரைக் கையோடு கொண்டுபோய் ஆறேழை அளந்து 240க்கு மேல் காட்டியவற்றை எடுத்துக்கொண்டேன், ஒரே பெட்டியில் 210உம் இருந்தது. டோன் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட், சாதாரண பாலியெஸ்டர், விலை சில ரூபாய். ஐம்பதுகளில் 0.1 போட்டார்கள், அதையும் வைத்துப் பார்த்தேன். நாபை முழுக்க மூடும்போது ஒலி போர்வைக்குள் போய்விட்டது, கழற்றிவிட்டேன். எண்ணெயில் ஊறிய காகித கெப்பாசிட்டர் என்று பெரிய விலைக்கு விற்பதை வாங்கத் தேவையில்லை என்பது என் முடிவு. ஒரே அளவுள்ள இரண்டை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டபோது மாமாவுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எல்லாம் மாட்டி, ஆவலோடு ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் ஒலி முன்னைவிடக் கூர்மையாக இருந்தது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தாக்கம் மென்மையாகியிருந்தது, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது, மணி வந்துவிட்டது. ஆனால் குத்தல் போகவில்லை. ஒரு வாரம் யோசித்தபிறகுதான் காரணம் பிடிபட்டது. சுருளுக்குள் இரும்பு இருந்தால் அதன் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம், அலகு ஹென்றி) கூடும். இரும்பை எடுத்து அல்நிகோ வைத்ததும் அது குறைந்தது. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம், அலகு ஃபாரட்) சேர்ந்து ஏதோ ஓர் அலைவரிசையில் மேடு ஒன்றை உண்டாக்கும், கிட்டாரின் குரல் பெரும்பாலும் அந்த மேட்டில்தான் இருக்கிறது. என் பிக்கப்பை 2.4 ஹென்றி என்று எடுத்துக்கொண்டேன். என்னுடைய 3 மீட்டர் புது கேபிள் சுமார் 300 பிகோஃபாரட், சுருளுக்கே ஒரு 100. கணக்குப் போட்டால் மேடு 5 ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. காதைக் குத்தும் இடம்.

அறுபதுகளில் இவ்வளவு நல்ல கேபிள் ஏது? நீளமான கேபிள்கள், போன் வயர் மாதிரி சுருண்ட கேபிள்கள். ஜிமி ஹென்றிக்ஸ் வாசிக்கும் படங்களில் அந்தச் சுருள் கேபிள் தெரியும். அவற்றின் கெப்பாசிட்டன்ஸ் பல மடங்கு அதிகம், மேடு தானாகக் கீழே இறங்கிவிடும். மாமாவிடம் கேட்டேன், அந்த நண்பரின் கேபிள் எப்படி இருந்தது என்று. “ஸ்பிரிங் மாரி இருக்கும்டா. மேடையில கால்ல மாட்டும்” என்றார் உடனே. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

சுருள் கேபிள் வாங்காமல், கேபிள் செருகும் அவுட்புட் ஜாக்கில் கிளிப் போட்டு 330, 470, 680, 1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றி வைத்தேன். மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே நாலு கார்டை வாசித்தார். எதை வைத்தேன் என்று சொல்லவில்லை. 330இல் “இன்னும் குத்துது.” ஆயிரத்தில் “மூக்கடைச்சிருக்கு.” 680 வைத்ததும் பேசவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். வரிசையை மாற்றி இன்னும் இரண்டு முறை செய்தேன். இரண்டிலும் 680இல்தான் கை நிற்காமல் ஓடியது. கணக்கில் மேடு இப்போது 3 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல்.

கெப்பாசிட்டரை வால்யூம் பொட்டுக்கு அப்பால், ஜாக் பக்கமே வைத்தேன். கேபிள் இருக்கும் பக்கம் அதுதான். அங்கே இருந்தால் வால்யூமை 7க்குக் குறைக்கும்போது ஒலி இன்னும் கொஞ்சம் மென்மையாகும். பின்னணி வாசிக்கும்போது 7, தனியாக வரும் இடத்தில் 10 என்பது மாமாவின் பழக்கம். அதனால் வால்யூம் குறையும்போது கூர்மையைக் காப்பாற்ற இப்போது போடும் ட்ரெபிள் ப்ளீட் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிக்கப் உயரம் கடைசி வேலை. அல்நிகோ முனைகள் கம்பியை இழுக்கும். கிட்ட வைத்தால், கழுத்தில் உடலை ஒட்டிய ஃப்ரெட்டுகளில் வாசிக்கும்போது தடித்த கம்பி ஒரே சுரத்தில் நிற்காமல் அலையும், டியூனிங்கே தப்பு என்று தோன்றும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் முனைக்கும் இடையே தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. என்பது வழக்கமான அளவு. நான் கழுத்தை ஒட்டிய முன் பிக்கப்பை 3க்கும் 2.5க்கும் இறக்கினேன். ஒலி சின்னதாகும், ஆம்ப்ளிஃபயரைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் கம்பி மூச்சுவிடுவது கேட்கிறது.

680ஐ ஜாக்கில் பற்றவைத்தபிறகு, பிக்கார்டை மூடுவதற்கு முன் அதன் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன்: அல்நிகோ 5, நடு பிக்கப் மாற்றி, 250 கே, 0.047, ஜாக்கில் 680. பின்னாளில் யார் திறந்தாலும் குழம்பக் கூடாது. மாமா மார்க்கரை வாங்கி, அதற்குக் கீழே பெரம்பூர் நண்பரின் பெயரை எழுதினார். பிறகு 11 திருகுகளையும் அவரே முடுக்கினார்.